வானத்தில் வந்தவர்களுக்கும் சேற்றில் வந்தவர்களுக்கும்

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரை ஊர்களுக்கு வந்து உதவிய ஹெலிகாப்டர் வீரர்கள், டிராக்டர் ஓட்டிய அண்ணாச்சிமார், ஜேசிபி ஆபரேட்டர்கள், ஜீப்பில் வந்த தம்பிகள் அனைவருக்கும்,

வணக்கம். நாங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவரும் தென்கால் வாய்க்காலின் பாசனத்தில் உள்ள ஒரு சின்ன ஊர்க்காரர்கள். ஆழ்வார்திருநகரிக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் ஒன்று என்று சொன்னால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் புரியும். வெள்ளம் வடிந்து, வீட்டுக்குள் கிடந்த சேற்றை அள்ளிப் போட்டு, ரேஷன் கார்டையும் பத்திரத்தையும் வெயிலில் காயவைத்து முடிக்கவே பொங்கல் நெருங்கிவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு தாமதம்.

டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மழை விடவே இல்லை. மறுநாள் காலைக்குள் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62 என்று பிறகு கணக்குச் சொன்னார்கள். இந்தப் பக்கத்தில் ஏறத்தாழ ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழை ஒரே நாளில் கொட்டிவிட்டது. மேற்கே மலையில் பெய்ததும் ஆற்றில் வந்து சேர்ந்தது. குளங்கள் உடைந்தன. ஆறு எது, வாய்க்கால் எது, ரோடு எது என்று தெரியாமல் போனது. மாடி உள்ள வீடுகளில் தெருவே ஏறி நின்றது. கரண்ட் இல்லை, போன் இல்லை. பக்கத்து ஊரில் ஆள் இருக்கிறார்களா இல்லையா என்பதுகூடத் தெரியவில்லை.

திங்கட்கிழமை எங்கள் ஊர் மேல் ஒரு ஹெலிகாப்டரையும் பார்க்கவில்லை. அன்றைக்கு இருந்த மேகத்தில் யாரும் பறக்கச் சொல்லவும் மாட்டார்கள். வானம் கொஞ்சம் வெளுத்ததும் சத்தம் கேட்டது. சூலூரிலிருந்து விமானப்படை, உச்சிப்புளி பருந்து தளத்திலிருந்து கடற்படை, அப்புறம் கடலோரக் காவல்படை என்று எல்லாருமே வந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: நாங்கள் இங்கே இருப்பதை யாரோ பார்த்துவிட்டார்கள்.

விமானிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரைச் சுற்றி வாழைத் தோப்பும் தென்னையும்தான். தெருவுக்குத் தெரு மின்கம்பி. மாடியில் டிஷ் ஆண்டெனா, துணிக்கொடி, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். இறங்க இடமே கிடையாது. மேலே ஒரே இடத்தில் நிற்கும்போது உங்கள் இறக்கையின் காற்றுக்கு ஒரு ஷீட் பறந்து விசிறியில் அடித்தால் என்ன ஆகும் என்று எங்களுக்கு இப்போதுதான் உறைக்கிறது. உங்களுக்கு அது அன்றைக்கே தெரியும், தெரிந்தும் நின்றீர்கள். விமானிக்குத் தன் காலுக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாதாம். கதவோரம் குப்புறப் படுத்துக்கொண்டு எட்டிப் பார்க்கிறவர் இடது, வலது, இன்னும் கொஞ்சம் கீழே என்று சொல்லச் சொல்லத்தான் ஓட்டுவாராம். அப்படிக் கதவோரம் இருந்த அந்தத் தம்பியின் முகம் பள்ளிக்கூட மாடியில் நின்ற எல்லாருக்கும் நினைவில் இருக்கிறது. பொட்டலத்தைப் போடுவதற்கு முன் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினார், அவர்கள் நகரும் வரை போடவில்லை. தண்ணீரும் பிஸ்கட்டும் பிரெட்டும் வந்து சேர்ந்தது அப்படித்தான். கீழே தளத்தில் ராத்திரி முழுக்க எஞ்சினைச் சரிபார்த்து, காலையில் பறக்க விட்டவர்களும் இருப்பார்கள். அவர்களை நாங்கள் பார்க்கவில்லை. அவர்களுக்கும் எங்கள் நன்றி.

ஆனால் ஹெலிகாப்டரால் எங்கள் தெருவுக்குள் வர முடியாது. படுக்கையில் கிடந்த ஆச்சியையும், நிறைமாசமாக இருந்த பெண்ணையும், சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிற பெரியவரையும் தெருவிலிருந்து மேட்டுக்குக் கொண்டுபோக டிராக்டர்தான் வந்தது. இதைப் பற்றி டிவியில் அதிகம் வரவில்லை. ஹெலிகாப்டர் படம் எடுக்க நன்றாக இருக்கும். சேறு அப்பிய டிராக்டர் அப்படி இருக்காது. அதனால்தான் இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம்.

டிராக்டரின் பின்சக்கரம் கிட்டத்தட்ட ஆள் உயரம். புகைக்குழல் மேலே பார்த்து நிற்கும். டீசல் எஞ்சினில் தண்ணீர் பட்டு அணைய ஸ்பார்க் பிளக் கிடையாது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் காற்று இழுக்கிற இடத்துக்குத் தண்ணீர் ஏறிவிட்டால் எஞ்சின் அத்தோடு போயிற்று. வேகமாக ஓட்டினால் அலை எழும்பி மண்சுவர் வீடுகள் விழும். நடுவில் நிறுத்தினால் திரும்பக் கிளம்புமா என்பது சந்தேகம். அதனால் ஒரே கியரில், ஒரே சீராக, நடக்கிற வேகத்தில் ஓட்டிக்கொண்டு வந்தார்கள். டிராக்டருக்கு முன்னால் வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் எங்கள் நீர்ப்பாய்ச்சி அண்ணாச்சி மார்பளவு தண்ணீரில் மூங்கிலை ஊன்றி ஊன்றி நடந்தார். ரோட்டின் விளிம்பு எங்கே முடிந்து வாய்க்கால் எங்கே தொடங்குகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். எத்தனை வருஷமாக ராத்திரியில் மடை திறக்கப் போனவர்! அவர் மூங்கில் எங்கே நின்றதோ அதைத் தாண்டி ஒரு சக்கரமும் போகவில்லை, அதனால் ஒரு டிரெய்லரும் கவிழவில்லை.

“ஆச்சி, கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க, கீழே பாக்காதீங்க” என்று டிரைவர் திரும்பித் திரும்பிச் சொல்லிக்கொண்டே போனார். அவருடைய பிசானப் பருவ நெல் நடவு மொத்தமும் அப்போது மணலுக்கு அடியில் கிடந்தது. பிறகுதான் எங்களுக்கு அது தெரிய வந்தது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

டிராக்டர் போக முடியாத இரண்டு இடங்களில் ஜேசிபி வந்தது. நடக்க முடியாத பெரியவர்களை வாளியில் பாய் விரித்து உட்காரவைத்து, குலுங்காமல் தூக்கிக்கொண்டு போன அந்தப் பையனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. வாளியைக் கீழே வைக்கும்போது முட்டை வைக்கிற மாதிரி வைத்தான்.

மேட்டுச் சாலையில் ஜீப்புகள் காத்திருந்தன. காற்றுக்குழாயைக் கூரை வரை ஏற்றி, முன்பக்கம் தார்ப்பாய் கட்டி, முன்னால் இழுவைக் கயிறு சுற்றிய விஞ்ச் வைத்த ஃபோர் வீல் டிரைவ் ஜீப்புகள். லீவு நாளில் மலைக்கும் காட்டுக்கும் ஓட்டுவதற்காகச் சொந்தக் காசில் செய்துவைத்த வண்டிகள். யாரும் கூப்பிடாமல் வந்தார்கள். அந்த நிறைமாசப் பெண்ணைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுசேர்த்தது அதில் ஒரு ஜீப்தான். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். ஜீப் ஓட்டிய தம்பி பெயரைச் சொல்லாமலே போய்விட்டார். இதைப் படித்தால் ஊருக்கு ஒருதரம் வாருங்கள், பிள்ளையைப் பார்க்க வேண்டாமா?

படகைச் சரக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த மீனவர்களுக்கும், பேரிடர் மீட்புப் படையினருக்கும், தீயணைப்புத் துறைக்கும், கம்பத்தில் ஏறிக் கம்பி கட்டிய மின்வாரிய ஊழியர்களுக்கும், வெளியூரிலிருந்து வந்து எங்கள் சாக்கடையை அள்ளிய தூய்மைப் பணியாளர்களுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். எழுதுவோம்.

ஸ்ரீவைகுண்டம் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்து ஊரான புதுக்குடிக்காரர்களைச் சொல்லாமல் விட முடியாது. அந்த ஸ்டேஷனில், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் போகிற செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றபோது, தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி அரித்துப் போனதால் வண்டியை விடாமல் நிறுத்தி, சுமார் 800 பேரைக் காப்பாற்றியது ரயில்வே. செவ்வாய்க்கிழமை ஹெலிகாப்டரில் உணவு வந்தது. அதுவரை அவர்களுக்குக் கஞ்சியும் சோறும் வடித்துக் கொடுத்தது, தாங்களே தண்ணீரில் நின்ற அந்த ஊர் ஜனங்கள். எங்களுக்கு அதில் பெருமை உண்டு.

இனி இரண்டு விஷயம். ஒன்று, பள்ளிக்கூட மாடியில் கிடந்த ஷீட், கொடி, உடைந்த பெஞ்சு எல்லாவற்றையும் அகற்றிவிட்டோம். அடுத்த மழைக்கு முன் மாடித் தளத்தில் மேலிருந்து தெரிகிற மாதிரி ஊர்ப் பெயரைப் பெரிதாகப் பெயின்ட் அடிப்பதாக முடிவு. எந்த வீட்டில் நடக்க முடியாதவர்கள், எந்த வீட்டில் கர்ப்பிணி என்ற பட்டியல் ஊர்ப் பெரியவரிடமும் டிராக்டர்காரர்களிடமும் இருக்கும்.

இரண்டாவது, டிராக்டர் அண்ணாச்சிமாருக்கு. உங்கள் வண்டிகளில் சிலவற்றின் ஆயில் டீ நிறத்துக்கு மாறியிருக்கிறது என்று மெக்கானிக் சொல்லித்தான் தெரிந்தது. எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. மறுநடவு நேரத்தில் வண்டி ஷெட்டில் நிற்கிறது, நீங்கள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. கோயில் கொடைத் திருவிழாவுக்கு வைத்திருந்த பணத்திலிருந்து ரிப்பேர் செலவைக் கொடுப்பதென்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகிவிட்டது. ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. தை மாதத்துக்குள் பில்லைக் கொண்டுவந்து தாருங்கள். பில் இல்லையென்றால் எந்தப் பட்டறை என்று மட்டும் சொல்லுங்கள், நாங்களே போய்க் கட்டிவிடுகிறோம்.

இப்படிக்கு,
தென்கால் ஊர்மக்கள்