சிசரோவைப் பற்றி

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்து மாலை நடையை மீண்டும் தொடங்கிவிட்டீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கே பேத்தி பள்ளிக்குச் செல்லத் தொடங்கிவிட்டதால் பகல் முழுவதும் எனக்குப் படிக்கக் கிடைக்கிறது.

பண்டைய ரோமின் பேச்சாளரும் வழக்கறிஞருமான சிசரோவை, ரோமானியக் குடியரசின் காவலர் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அவரிடம் எனக்கும் தீராத அன்பு உண்டு. ஆனாலும் ஒரு செய்தி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கி.மு. 70இல், சிசிலியைச் சூறையாடிய ஆளுநர் வெர்ரெஸ் மீது வழக்குத் தொடுத்த சிசரோ, ஐம்பதே நாட்களில் அத்தீவைச் சுற்றிச் சான்றுகளைத் திரட்டினார். முதல் விசாரணையிலேயே வெர்ரெஸ் நாட்டைவிட்டு ஓடிவிட்டதால், அடுத்த விசாரணைக்கு எழுதிய உரையைப் பேசாமலே வெளியிட்டார். 'நான் ரோமானியக் குடிமகன்' என்று கதறிய கவியுஸ் என்பவரை, இத்தாலியக் கரை கண்ணில் படும்படி சிசிலியின் மெஸ்ஸானா நகரில் வெர்ரெஸ் சிலுவையில் அறைந்த கொடுமையை அதில் படிக்கும்போது இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

அதே சிசரோ, ஏழே ஆண்டுகளில், ரோமின் மிக உயர்ந்த ஆட்சிப் பதவியான கான்சல் பதவியில் இருந்தபோது, ஆட்சியைக் கைப்பற்றக் கேட்டிலின் தீட்டிய சதியில் சேர்ந்த லென்டுலஸ் உள்ளிட்ட ஐந்து குடிமக்களை மக்கள்முன் விசாரிக்காமலே சிறையில் கழுத்தை நெரித்துக் கொல்லச் செய்தார். அவர்களை இத்தாலிய ஊர்களில் ஆயுள் முழுவதும் காவலில் வைக்கலாம் என்று சீசர் சொன்ன யோசனையை, கொல்லவே வேண்டும் என்று வாதிட்ட கேட்டோவின் பேச்சைக் கேட்ட செனட் என்ற ஆட்சி மன்றம் ஒதுக்கிவிட்டது. சதி மெய்யானது, கேட்டிலினிடம் படை இருந்தது, காலம் குறுகியது என்பதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் பிடிபட்ட ஐவரும் காவலில்தானே இருந்தார்கள்?

கி.மு. 58இல், குடிமகனை விசாரணையின்றிக் கொன்றவரை நாடு கடத்தும் சட்டத்தைச் சிசரோவின் எதிரியான க்ளோடியஸ் கொண்டுவர, சிசரோ ரோமைவிட்டு வெளியேறினார், வீடும் இடிக்கப்பட்டது. கிரேக்க நகரான தெசலோனிகாவிலிருந்து நண்பர் அட்டிக்கஸுக்கு எழுதிய கடிதங்களில், உயிரோடிருப்பதற்கே வருந்துகிறார், நண்பர்கள் கைவிட்டதாகக் குமுறுகிறார். ஆனால் அந்த ஐவரைக் கொன்றது சரியா என்ற ஐயம், நான் படித்தவற்றில் ஓரிடத்திலும் இல்லை. எனக்கு ஆறாத வருத்தம் அதுதான்.

கி.மு. 43இல், ஆட்சியைக் கையில் எடுத்த ஆன்டனி முதலிய மூவர் வெளியிட்ட கொலைப்பட்டியலில் சிசரோவின் பெயரும் இருந்தது. கொல்லப்பட்ட அவருக்கும் விசாரணை கிடைக்கவில்லை.

நீங்கள் 40 ஆண்டுகள் வழக்காடியவர். அன்று அந்த செனட்டில் இருந்திருந்தால் சீசரின் யோசனையை ஆதரித்திருப்பீர்களா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்