குழாயின் கண்ணுக்கு என் கை தெரியவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கையை நீட்டினால் தானே திறக்கும் சென்சார் குழாய்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அழகு. 'ஐந்து லட்சம் முறை சோதிக்கப்பட்டவை என்பதால் பழுது பற்றிய கவலையே வேண்டாம்' என்ற வரியில்தான் எனக்குக் காபி புரையேறியது.

22 ஆண்டுகள் சென்னையில் அலுவலகக் கட்டடங்களின் பராமரிப்பைப் பார்த்தவன் நான். வாஷ்பேசினுக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கழித்த நேரத்தைக் கூட்டினால் சில மாதங்களாவது தேறும். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

இந்த ஐந்து லட்சத்தின் கதை தங்களுக்குத் தெரியாததல்ல. சோதனைக்கூடத்தில் ஓர் இயந்திரம் குழாயைத் திறந்து மூடிக்கொண்டே இருக்கும். அமெரிக்கத் தரவிதியில் கையால் திருகும் சாதாரணக் குழாய்க்கே இந்த எண்ணிக்கைதான். நாளுக்கு 500 தடவை திறக்கும் ஒரு குழாய்க்கு இது ஆயிரம் நாள் கணக்கு. மூன்று ஆண்டு நிறையாது. அதுவும் எந்தத் தண்ணீரில்? எங்கள் குரோம்பேட்டை போர் தண்ணீரை விட்டா சோதித்தார்கள்? இந்தத் தண்ணீரில் ஒரு பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாலே காலையில் வெள்ளைக் கோலம் போட்டிருக்கும்.

சென்சார் குழாயின் உயிர் அதன் கண்ணில் இல்லை, அடியில் மின்சாரத்தால் திறந்து மூடும் சாலினாய்டு வால்வில் இருக்கிறது. கண்ணிலிருந்து புறப்படும் அகச்சிவப்பு ஒளி கையில் பட்டுத் திரும்பினால் வால்வு திறக்க வேண்டும். வால்வுக்குள் ஒரு ரப்பர் சவ்வு, அந்தச் சவ்வில் ஊசிமுனை அளவில் ஒரு துளை. உப்புப் படிந்து அந்தத் துளை அடைத்துக்கொண்டால் குழாய் மூடாது. வால்வுக்கு முன்னாலிருக்கும் வடிகட்டியில் மணல் சேர்ந்தால் தண்ணீர் நூலாக வரும். பேட்டரி தீர்ந்தால் எதுவுமே வராது. ஒரு தடவை பேட்டரிப் பெட்டியைத் திறந்தேன். நான்கு பேட்டரியும் பச்சை பூத்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. கடைசியாக மாற்றியது யார், எப்போது என்று கேட்டேன். மாற்ற வேண்டும் என்பதே அங்கு யாருக்கும் தெரியாது.

போன ஆவணியில் ஒரு கல்யாண மண்டபம். பந்தி முடிந்து கை கழுவப் போனால் வரிசையாக ஆறு சென்சார் குழாய்கள். இரண்டுதான் வேலை செய்தன. ஒன்று யாரும் கேட்காமலே கொட்டிக்கொண்டிருந்தது. அதன் கண்ணில் யாரோ நெய்க்கையை இழுகிவிட்டிருந்தார்கள், எதிரே கை இருப்பதாகவே அது நம்பிக்கொண்டிருந்தது. மற்ற மூன்றின் முன்னாலும் பெரியவர்கள் கையை ஏந்தி, திருப்பி, ஆட்டி, வரம் கேட்பது போல நின்றிருந்தார்கள். எண்பது வயதைத் தாண்டிய என் அத்தை பாயசக் கையோடு மூன்று குழாய்களுக்கும் நடந்து பார்த்துவிட்டு, கடைசியில் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துக் கழுவினார். போதாததற்கு, "சித்த நேரம் கையை ஆட்டாம வைங்க பாட்டி" என்று ஒரு பையன் பாடம் எடுத்தான்.

கட்டுரையாளருக்குத் தோன்றாத ஒன்று இருக்கிறது. நாம் கையால் சாப்பிடுகிறவர்கள். சாப்பிட்டபின் கையை மட்டுமா கழுவுகிறோம்? வாயும் கொப்பளிக்க வேண்டும். உள்ளங்கையில் தண்ணீர் பிடித்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் குழாய் நின்றுவிடுகிறது. மறுபடி நீட்டு, மறுபடி காத்திரு. அந்த ஐந்து லட்சத்தில் ஒரு தடவையாவது கொப்பளித்துப் பார்த்தார்களா?

சுகாதாரம் என்கிறார். தொடாததால் கிருமி இல்லையாம். அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் செய்த ஆய்வு 2011இல் வெளியானது. சென்சார் குழாய்களிலிருந்து எடுத்த நீர் மாதிரிகளில் பாதியில், நிமோனியாவை வரவழைக்கும் லெஜியோனெல்லா கிருமி வளர்ந்திருந்தது. கையால் திருகும் குழாய்களில் 15 விழுக்காடுதான். சென்சார் குழாய்களின் உள்ளே இருக்கும் சிக்கலான வால்வுப் பாகங்களே கிருமி தங்க இடம் கொடுக்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். புதிய சிகிச்சைக் கட்டடங்களுக்குப் பழைய மாதிரிக் குழாயே போதும் என்று அந்த மருத்துவமனை முடிவெடுத்தது. பத்திரிகை அலுவலகத்தில் இதைத் தேடிப் பார்க்க எத்தனை நிமிடம் ஆகியிருக்கும்?

தொடாமல் கழுவ வழியா இல்லை? முழங்கையால் தள்ளும் நீளக் கைப்பிடிக் குழாய் ஆஸ்பத்திரிகளில் காலகாலமாக இருக்கிறது. 2020இல் கொரோனா வந்தபோது காலால் மிதிக்கும் குழாய்களை ஊரெங்கும் வைத்தார்கள். பேட்டரி இல்லை, சென்சார் இல்லை. மிதித்தால் வரும், எடுத்தால் நிற்கும். அவை இப்போது எங்கே? எங்கள் பக்கத்தில் ஒன்று பழைய இரும்புக் கடை வாசலில் மழையில் நனைந்துகொண்டிருக்கிறது. புகைப்படக்காரரை அனுப்புவதானால் முகவரி தருகிறேன்.

இதையெல்லாம் நான் இன்றைக்குப் புதிதாகச் சொல்லவில்லை. கையுலர்த்தும் இயந்திரங்களின் சீத்துவம் பற்றி முன்பு இரண்டு பக்கம் எழுதினேன். மூன்று வரியாக வெட்டி, என் ஊரையும் பல்லாவரமாக்கி வெளியிட்டீர்கள். வருத்தமில்லை, பக்கத்து ஊர்தான். பொதுக் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை, பையை மாட்ட ஆணி இல்லை என்றும் எழுதினேன். அதற்கு அந்த மூன்று வரிகூடக் கிடைக்கவில்லை. சென்சார் என்றால் மட்டும் நான்கு பக்கம், வண்ணப்படத்தோடு.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. மண்டபமோ மாலோ, சென்சார் குழாய் வரிசையில் ஒன்றே ஒன்றாவது கையால் திருகும் குழாயாக இருக்கட்டும் என்று அடுத்த இதழில் ஒரு வரி போடுங்கள். முடிந்தால் அந்தக் கட்டுரையாளரை முகூர்த்த நாளொன்றில் என்னோடு அனுப்புங்கள். இரண்டாம் பந்தி முடியும் நேரம் சரியாக இருக்கும். சாப்பிட்டுவிட்டே வரட்டும், வாளியும் சொம்பும் நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
குரோம்பேட்டை (பல்லாவரம் அல்ல), சென்னை.