தண்டவாளத்தின் அகலமும் தகப்பனின் பொறுமையும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிள்ளைகளின் ஆர்வத்துக்குப் பெற்றோர் தடை போடக் கூடாது என்று தங்கள் நாளிதழில் அவ்வப்போது வரும் அறிவுரையை நான் ஏற்கிறேன். ஆனால், அதை எழுதுபவர்கள் எவரும் காட்பாடி சந்திப்பின் நடைமேடையில் எட்டு வயதுப் பையனோடு உட்கார்ந்தவர்களாகத் தெரியவில்லை.

என் இளைய மகனுக்கு ரயில் என்றால் உயிர். அகலப் பாதையின் இரு தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மில்லிமீட்டர், மீட்டர் பாதையில் 1,000 மில்லிமீட்டர் என்று சாப்பிடும்போதும் ஒப்பிப்பான். ஏழாம் வாய்ப்பாடு மட்டும் நாக்கில் நிற்காது. 10 ரூபாய் நடைமேடைச் சீட்டு இரண்டு மணி நேரம் செல்லும் என்று தெரிந்துகொண்ட நாளிலிருந்து, ஒரு நிமிடம் முன்னதாகவும் எழுந்து வர மறுக்கிறான். சென்ற ஞாயிறு, வேலூர் வெயிலில் (அதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை), சரக்கு ரயிலின் பெட்டிகளை 41 வரை எண்ணியவன், நான் தும்மியதால் கணக்குத் தவறிவிட்டது என்று கூறி, அடுத்த சரக்கு ரயில் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தான். கோட்டை அகழிக்கு அழைத்துப் போகிறேன் என்று ஆசை காட்டினேன். அங்கே தண்டவாளம் உண்டா என்று கேட்டான்.

ஆகவே, எத்தனை சரக்கு ரயில் வரை பொறுத்திருக்க வேண்டும் என்பதையும் அறிவுரை கூறுவோர் குறிப்பிட்டால் நலம். என் மனைவியின் கணக்கு ஒன்று, என்னுடையது அரை.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்,
காந்தி நகர், காட்பாடி.