பழைய கம்ப்யூட்டர தூக்கிப் போட சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க ஞாயிறு பக்கத்துல விண்டோஸ் 10 பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். பாதுகாப்பு முடிஞ்சிருச்சு, புதுசு வாங்குறத தவிர வேற வழி இல்லன்னு முடிச்சிருந்தீங்க. நான் பிறையில சின்னதா ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வச்சிருக்கேன், நீங்க சொன்னத ஜனங்க அப்படியே கேட்டா எனக்கு யாவாரம்தான், இருந்தும் ஒரு பாட்டி அந்த பேப்பர மடிச்சு எடுத்துக்கிட்டு வந்து "பேத்தி லேப்டாப் கெட்டுப் போச்சாமே தம்பி, புதுசு எத்தன வெள்ளி ஆகும்"னு கேட்டதுக்கு அப்புறம் எழுதாம இருக்க முடியல. அந்த லேப்டாப்புக்கு ஒன்னும் ஆகல, நல்லாத்தான் ஓடுது.

விஷயம் இதுதான். மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு சும்மா குடுத்துக்கிட்டு இருந்த அப்டேட்ட நிறுத்துச்சு, அது உண்மை. அதுக்காக மெஷின் நின்னு போயிடாது, பாதுகாப்புல புதுசா ஓட்டை கண்டுபிடிச்சா அடைக்க ஆள் இல்ல, அவ்ளோதான். அதுக்கும் வீட்டுல வச்சிருக்கவங்களுக்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் ஒரு வருஷம் கூடுதலா அப்டேட் தராங்க, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல நுழைஞ்சு செட்டிங்ஸ பேக்கப் பண்ணிக்கிட்டா காசே வேணாம், இல்லன்னா 30 அமெரிக்க டாலர் கட்டணும். இத ஒரு வரி போட்டிருக்கலாம் சார். எத்தன பேரு அவசரப்பட்டு கடன்ல வாங்கியிருப்பாங்களோ தெரியல.

சரி, விண்டோஸ் 11க்கு மாறிக்கலாமேன்னா அங்கதான் இடிக்குது. டிபிஎம் 2.0ன்னு ஒரு பாதுகாப்பு சிப்பு கேக்குது, இன்டெல் பிராசஸர் சிப்பா இருந்தா பொதுவா எட்டாவது தலைமுறையாவது இருக்கணும்னு கேக்குது. ஏழாவது தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி எல்லாம் போட்டு ஜம்முனு ஓடுற மெஷின கூட தகுதி இல்லன்னு சொல்லிருது. இன்டெல் 1972லயே பினாங்குல பேக்டரி திறந்துச்சு, பாயான் லெப்பாஸ்ல நம்ம அக்காமாரு எத்தன பேரு ஷிப்ட் ஷிப்டா நின்னு சிப்பு டெஸ்ட் பண்ணி அனுப்புனாங்க, இப்ப அந்த தலைமுறை சிப்பெல்லாம் குப்பைன்னா கேக்கவே ஒரு மாதிரியா இருக்கு.

இந்த மாதிரி மெஷினுக்கு விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ்ங்கற இலவச இயங்குதளம் போடலாம். லினுஸ் டோர்வால்ட்ஸ் 1991ல ஆரம்பிச்சது, இன்னிக்கு நம்ம ஆண்ட்ராய்டு போனுக்கு உள்ள ஓடுறதும் அதே கெர்னல்தான், அதாவது அதே அடிப்படை மென்பொருள்தான், அதனால லினக்ஸ்னா ஏதோ ஹேக்கர் சமாச்சாரம்னு பயப்பட வேணாம். நான் பழைய விண்டோஸ் ஆளுங்களுக்கு லினக்ஸ்ல ஒரு வகையான லினக்ஸ் மின்ட் போட்டு குடுக்குறேன், கீழ இடது பக்கம் மெனு, வலது பக்கம் மணி, பாத்தா ரொம்ப மிரட்டாது. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரைக்கும் அப்டேட் உண்டு. வருமான வரி, கேடபிள்யூஎஸ்பி சேமநிதி, பேங்க், யூடியூப், பிள்ளைங்க பள்ளிக்கூடத்து டெலிமா இணையப் பாடத்தளம் எல்லாமே பிரவுசர்ல ஓடுறது, பயர்பாக்ஸோ குரோமோ இருந்தா போதும். லைசன்ஸ் காசு கிடையாது.

ஆனா ஒன்னு சொல்லணும். இந்த லினக்ஸ் பைத்தியம் புடிச்ச பசங்க சில பேரு "எல்லாமே ஓடும்ணே"ன்னு அடிச்சு விடுறாங்க பாருங்க, அவங்களாலதான் பாதி கெட்ட பேரு. எல்லாம் ஓடாது. கடையில எஸ்கியூஎல் அக்கவுண்டோ ஆட்டோகவுண்டோ கம்ப்யூட்டர்ல போட்டு கணக்கு எழுதுறவங்க அந்த மெஷின்ல லினக்ஸ் போடவே கூடாது, அதெல்லாம் விண்டோஸ்க்குன்னே செஞ்சது. கல்யாண ஆல்பம் போடுற ஸ்டூடியோக்காரங்க போட்டோஷாப் இல்லாம என்ன பண்ணுவாங்க, வரைபடம் போடுற ஆட்டோகேட் படிக்கிற பிள்ளையும் அப்படித்தான். வீட்டுல வாலரண்ட் விளையாடுற பையன் இருந்தா அதுவும் லினக்ஸ்ல நடக்காது, அவன் வீட்டையே ரெண்டாக்கிடுவான். இவங்க கிட்ட நான் நேரா சொல்லிடுவேன், ஒரு வருஷ அப்டேட்ட வாங்கிக்குங்க, அதுக்குள்ள காசு சேத்துக்குங்கன்னு.

லினக்ஸ் ஒத்து வர்றவங்களுக்கும் தகராறு வேற எடத்துல வருது. எங்க தாமான் குடியிருப்புல தமிழ் டியூஷன் எடுக்குற ஒரு டீச்சரோட லேப்டாப்புக்கு மின்ட் போட்டேன், போட்டு முடிக்க அர மணி நேரம் கூட ஆகல. மறுநாள் போன் வருது, "தம்பி, என் கேள்வித்தாள் எல்லாம் கலைஞ்சு போச்சு"ன்னு. போய் பாத்தா ஒரு பக்கத்துல அடங்குன கேள்வித்தாள் ரெண்டாவது பக்கத்துக்கு வழிஞ்சு, கோடிட்ட இடத்தை நிரப்புறதுல கோடு ஒரு பக்கம் சொல்லு ஒரு பக்கம்னு நிக்குது. காரணம் என்னன்னா அவங்க வேர்டுல லதா எழுத்துருல அடிச்சிருக்காங்க, லதா மைக்ரோசாஃப்டோடது, மின்ட்ல இல்ல, அதனால மின்ட்ல வேர்டுக்கு பதிலா இருக்குற லிப்ரே ஆபீஸ் அதுக்கு பதிலா வேற தமிழ் எழுத்துருவ போட்டுருச்சு, அது கொஞ்சம் அகலம், வரிக்கு வரி ஒரு சொல்லு கீழ தள்ளிருச்சு. எழுத்து அளவ ஒரு புள்ளி குறைச்சு, கோடுங்களுக்கு பதிலா டேபிள் போட்டு குடுத்தேன், அனுப்புறப்ப பிடிஎஃப்பா மாத்தி அனுப்புங்க, அப்பதான் வாங்குறவங்க கிட்டயும் கலையாதுன்னு சொல்லி வச்சேன். அதோட முடியல. இப்ப எல்லா மெஷின்லயும் ஓடுற யூனிகோட் முறை வர்றதுக்கு முன்னாடி டிஸ்கிங்கற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டுல அடிச்ச பைலுங்க ஒரு பெட்டி நிறைய வச்சிருந்தாங்க, அந்த எழுத்துரு இல்லாம தொறந்தா வெறும் கிறுக்கலாத்தான் தெரியும், அத கன்வெர்ட்டர்ல போட்டு மாத்துனதுதான் பெரிய வேல. தட்டச்சும் அப்படித்தான், முத்து நெடுமாறன் செஞ்ச முரசு அஞ்சல்ங்கற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்ல பழகுன கை அவங்களுக்கு, நம்ம நாட்டுல நிறைய பேருக்கு அதுதானே. லினக்ஸ்ல தமிழ்99 விசைப்பலகை இருக்கு, ஒலிய வச்சு தட்டுற முறையும் இருக்கு, ஆனா அது அஞ்சல் மாதிரியே அப்படியே இருக்காது, சில எழுத்துக்கு விரல் தடுமாறும். டீச்சர் என்னை நல்லா திட்டிட்டு பழகிக்கிட்டாங்க, இப்ப அந்த மெஷின்லதான் பழைய ஆறாம் ஆண்டு யூபிஎஸ்ஆர் பரீட்சை காலத்து கேள்வியெல்லாம் எடுத்து பிள்ளைங்களுக்கு பயிற்சி செய்யுறாங்க.

நான் சொல்ல வர்றது இதுதான் சார், இன்ஸ்டால் பண்றது ஒரு வேலையே இல்ல, அதுக்கு அடுத்த வாரம் யாரு பக்கத்துல உக்காந்து சொல்லித் தர்றதுங்கறதுதான் கேள்வி. விண்டோஸ்னா எதிர்வீட்டு பையனுக்கு தெரியும், மச்சானுக்கு தெரியும். லினக்ஸ்னா யாரு? நம்ம அரசாங்கமே 2004ல அரசு துறைங்களுக்கு ஓப்பன் சோர்ஸ், அதாவது லினக்ஸ் மாதிரி யாரும் எடுத்து மாத்திக்கக்கூடிய மென்பொருளுக்கு ஒரு மாஸ்டர் பிளான் போட்டுச்சு, அரசு நிர்வாகத்த நவீனமாக்குற மாம்பு பிரிவு அத நடத்துச்சு, அது ஆபீஸ்காரங்களுக்குத்தான், நம்ம தாமான் வீட்டுக்குள்ள அது எங்க வந்துச்சு. கேரளாவுல பாருங்க, அரசு பள்ளிக்கூடத்துல பல வருஷமா லினக்ஸ்லதான் பாடம், அங்க சிடிய குடுத்துட்டு போகல, வாத்தியாருங்களுக்கு பயிற்சி குடுத்தாங்க, மலையாளத்துலயே புத்தகம் போட்டாங்க. அதனாலதான் நின்னுச்சு.

அந்த அளவுக்கு நான் கேக்கல. தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்க (பிஐபிஜி) ஆளுங்களோ கோயில் நிர்வாகமோ மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழம மண்டபத்த ரெண்டு மணி நேரம் தொறந்து விட்டா போதும், கரண்டும் வைஃபையும் இருக்கணும், நானும் இன்னும் ரெண்டு மூணு கடைக்காரங்களும் வந்து உக்காருவோம், காசு வாங்க மாட்டோம். வர்றவங்க ரெண்டு வேல மட்டும் செஞ்சுட்டு வரணும். போட்டோ, சர்டிபிகேட் எல்லாத்தையும் வெளி ஹார்ட்டிஸ்க்ல காப்பி எடுத்து வச்சிடணும், இது ரொம்ப முக்கியம், ஏன்னா இன்ஸ்டால் பண்றப்ப பழசு அழிஞ்சிடலாம். அப்புறம் பிரிண்டர கையோட தூக்கிட்டு வரணும். மின்ட்ட பென்டிரைவ்ல இருந்தே, ஹார்ட்டிஸ்க்க தொடாமலே ஓட்டி பாக்கலாம், பிரிண்டர சொருகி ஒரு பக்கம் அடிச்சு பாப்போம், வைஃபை, ஸ்பீக்கர், கேமரா பாப்போம், சரியா வந்தா மேல பேசுவோம், வரலன்னா விண்டோஸோடயே வீட்டுக்கு போகலாம். பெருசுங்க மெஷின அவங்க இல்லாதப்ப பிள்ளைங்க மாத்தி வைக்கிறத மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன், அவங்களே வந்து பக்கத்துல உக்காரணும்.

உங்க கிட்ட கேக்குறது ஒரு கால் பக்கம். தமிழ்ல எப்படி தட்டுறது, பழைய பைல எப்படி மாத்துறது, எந்த மென்பொருளுக்கு பதிலா எது இருக்குன்னு வாரத்துக்கு ஒன்னா போடுங்க, எழுதி குடுக்க நாங்க இருக்கோம். மொத வாரத்துலயே அந்த ஒரு வருஷ அப்டேட்டுக்கு எப்படி பதிவு பண்ணிக்கிறதுன்னு படத்தோட போட்டுடுங்க, தேதி முடியறதுக்குள்ள.

இப்படிக்கு,
பிறை வாசகர் ஒருவர்,
பினாங்கு