திடப்படுத்தல் வகுப்புக்கு ஓராண்டு ஒதுக்குங்கள்

சபைகளை நடத்திவரும் பேராயர்களுக்கும் சேகர ஆயர்களுக்கும், கிறிஸ்துவுக்குள் அன்பின் வாழ்த்துதல்கள்.

கிராமச் சபையொன்றில் 14 ஆண்டுகளாகத் திடப்படுத்தல் வகுப்பு எடுத்துவரும் ஞாயிறு பள்ளி ஆசிரியை நான். பிள்ளைகளை ஆயத்தப்படுத்த ஓராண்டாவது ஒதுக்க வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது, பிசாசின் கிரியைகளை விட்டு விலகுவதாகவும் கர்த்தரைப் பின்பற்றுவதாகவும் அதற்காகப் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் வாக்குக் கொடுக்கிறார்கள். வளர்ந்த பிள்ளை அந்த வாக்கைச் சபையார் முன்னிலையில், தன் வாயால், தன்னுடையதாக ஏற்றுக்கொள்ளும் நாளே திடப்படுத்தல்; அன்று பேராயர் பிள்ளையின் தலைமேல் கைவைத்து ஜெபிக்கிறார். சமாரியாவில் ஞானஸ்நானம் மாத்திரம் பெற்றிருந்தவர்கள்மேல் பேதுருவும் யோவானும் கைகளை வைத்ததை அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம்.

சென்ற முறை எங்களுக்குக் கிடைத்தவை மூன்று சனிக்கிழமைகள். விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், கர்த்தருடைய ஜெபம் எல்லாம் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகிவிட்டன. "பரிசுத்தவான்களுடைய ஐக்கியத்துல, செத்துப்போன எங்க ஆச்சியும் இருக்காங்களா டீச்சர்?" என்று, விசுவாசப் பிரமாணத்தில் வரும் அந்த வரியைப் பற்றி ஒரு சிறுமி கேட்டாள். நான் பதிலைத் தொடங்குவதற்குள், வெள்ளை உடைக்கு அளவெடுக்கத் தையல்காரர் வந்துவிட்டார். அந்தக் கேள்வி இன்னும் என்னிடமே இருக்கிறது.

திருமணம் நிச்சயமான பிறகு, ஆலயத் திருமணத்துக்குக் கேட்கப்படும் திடப்படுத்தல் சான்றிதழுக்காக அவசர அவசரமாகத் திடப்படுத்தல் பெறும் வாலிபர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்களுடைய பதின்மூன்று, பதினான்கு வயதில் தேடிப் போகாதவர்கள் நாம்தான்.

1826 ஏப்ரல் 3ஆம் நாள் காலையில், திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலிருந்த மிஷன் ஆலயத்தில் தமிழ் விசுவாசிகளைத் திடப்படுத்திய கல்கத்தா பேராயர் ரெஜினால்ட் ஹீபர், ஆசீர்வாதத்தைத் தமிழிலேயே கூறினார். அன்றே அவர் மரித்தார். வேற்றுமொழிக்காரரான அவர், தம்முன் முழங்காற்படியிட்டவர்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காக எடுத்துக்கொண்ட அந்தப் பிரயாசத்தை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது.

ஆகவே பேராயர் ஐயாமார், ஆராதனைக்கு முந்தின நாள் மாலையில் பிள்ளைகளோடு ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து, அவர்கள் கேள்விகளைக் கேட்க வேண்டும். எத்தனை பேர் வரிசையில் நின்றாலும், ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லியே தலைமேல் கைவைக்க வேண்டும். ஆயர்கள், ஆராதனைத் தேதியை ஓராண்டுக்கு முன்பே எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

எங்கள் சபையில் 11 பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். தேதி தெரிந்தால், வரும் ஜூன் முதல் சனிக்கிழமையே வகுப்பைத் தொடங்கிவிடுவேன்.

கர்த்தருடைய பணியில்,
ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை