சுவரோடு இருக்கட்டும் அந்த ஓவியங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

தெருக் கலை குறித்துத் தாங்கள் வெளியிடும் பக்கங்களில், ‘இன்வேடர்’ என்ற புனைபெயரில் இயங்கும் பிரெஞ்சுக் கலைஞர் பாரிஸ் நகரச் சுவர்களில் பதித்துவரும் டைல்ஸ் ஓவியங்களுக்கும் இடம் தர வேண்டுகிறேன். ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காகத் தொமோஹிரோ நிஷிகாடோ 1978-இல் உருவாக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ வீடியோ விளையாட்டில், அன்றைய கருவிகளின் திறன் குறைவாக இருந்ததால், எதிரிகளின் உருவங்களைச் சில சதுரப் புள்ளிகளுக்குள் அடக்க வேண்டியிருந்தது. அந்த நெருக்கடியில் பிறந்த வடிவத்தைத்தான், ஒரு புள்ளிக்கு ஒரு டைல் என்ற கணக்கில், மழையையும் வெயிலையும் தாங்கும்படி இவர் தெருமுனைகளில் ஒட்டுகிறார். திரையில் நொடியில் மறையும் ஒளிக்கு இத்தகைய நிலைத்த உடல் கொடுத்ததை நான் பெரும் கலைச் சாதனையாகவே கருதுகிறேன். பாரிஸில் மட்டும் இவை ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. 2015-இல் ஒன்று பன்னாட்டு விண்வெளி நிலையத்திலும் இடம்பெற்றது.

என்னை வருத்துவது இவற்றைக் குறிவைக்கும் திருட்டு. 2017-இல் மாநகராட்சிப் பணியாளர்களைப் போல வேடமிட்ட இருவர் பாரிஸில் பல ஓவியங்களைப் பெயர்த்தெடுத்ததாக நகர நிர்வாகமே புகார் அளித்தது. அனுமதியின்றி ஒட்டப்பட்டவை என்பது உண்மையே. ஆயினும் அதைக் காரணம் காட்டி, வழிப்போக்கர் அனைவருக்கும் பொதுவாக வைக்கப்பட்ட ஒன்றைத் தனியொருவர் எடுத்துச் செல்வதை எவ்வகையிலும் ஏற்க முடியாது. பெயர்க்கும்போது டைல்கள் உடைந்துபோகின்றன. உடையாமல் வந்தாலும், அந்தத் தெருவும் சுவரும் அவற்றுடன் வருவதில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்