பராமரிப்பாளர் பெயரும் கடைசிப் பதிவேற்றத் தேதியும்

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் திருச்சியிலேயே கல்லூரியில் இடம் கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சி. அலுவலக சர்வரில் உள்ள மென்பொருள் தொகுப்புகளை யார் யார் பராமரிக்கிறார்கள் என்று பட்டியல் கேட்கிறார்கள், எங்கிருந்து தொடங்குவது என்று எழுதியிருந்தாய். நீங்கள் வைத்திருப்பது டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் என்பதால் அதைப் பற்றியே சொல்கிறேன்.

டெபியனின் பேக்கேஜ் டிராக்கர் தளத்தில் தொகுப்பின் பெயரைக் கொடுத்தால், பராமரிப்பாளர், அவருக்குத் துணையாகப் பதிவேற்றுபவர்கள், எந்த வெளியீட்டில் எந்தப் பதிப்பு, கடைசியாக என்ன நடந்தது என எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் 'ஓபன்எஸ்எஸ்ஹெச்-சர்வர்' என்று தேடினாலும் 'ஓபன்எஸ்எஸ்ஹெச்' என்ற மூலத் தொகுப்பின் பக்கத்துக்கே கொண்டுபோய் விடும்; ஒரே மூலத் தொகுப்பிலிருந்து நிறுவத்தக்க தொகுப்புகள் பல உருவாகலாம். ஆகவே நிறுவப்பட்டவை நானூறு வரி இருந்தாலும் மிரளாதே, மூலத் தொகுப்பாகச் சுருக்கினால் பட்டியல் வெகுவாகக் குறையும். முக்கியமானவற்றுக்கு உன் மின்னஞ்சலைப் பதிந்து வைத்தால் புதிய பதிவேற்றமும் வழு (பிழை) அறிக்கைகளும் தானாகவே வந்து சேரும். பெயருக்கு நேரே டெபியன் கியூஏ (தர உறுதிக்) குழு என்று இருந்தால், அந்தத் தொகுப்பைப் பெரும்பாலும் பழையவர் கைவிட்டுவிட்டார், இன்னும் எவரும் எடுத்துக்கொள்ளவில்லை என்று பொருள்.

ஆனால் பெயர் இருப்பதாலேயே ஆள் இருக்கிறார் என்று எண்ணிவிடாதே. ஒருவரின் தொகுப்புகளை எல்லாம் சேர்த்துக் காட்டும் பக்கம் ஒன்றும் டெபியனில் உண்டு. அது ஆளை அறிவது மின்னஞ்சல் முகவரியால். நான் வேலை மாறியபோது, டெபியனில் நான் பராமரிக்கும் மூன்று தொகுப்புகளில் ஒன்றில் மட்டும் பழைய முகவரியை மாற்ற மறந்துவிட்டேன். அந்த ஒன்று வேறு யாருடையதோ போலத் தனிப் பக்கத்தில் போய் நின்றது; அதற்கு வந்த வழு அறிக்கைகள் மூடப்பட்ட அஞ்சல் பெட்டிக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒருவர் அதைத் தாம் மீட்டு எடுத்துக்கொள்வதாக அறிவித்து, விதிப்படி 21 நாள் காத்திருந்தார். இருபதாம் நாள் தற்செயலாகப் பார்த்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, அவரையே இணைப் பராமரிப்பாளராகச் சேர்த்துக்கொண்டேன்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. 2024 மார்ச் இறுதியில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (கள்ளத்தனமாக உள்ளே நுழையும் வழி) வெளிப்பட்டதே, அதை நுழைத்தவர் அந்தக் கருவியை உருவாக்கும் திட்டத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காக உழைத்து, இணைப் பராமரிப்பாளர் என்ற இடத்தைப் பெற்றவர். எந்தப் பக்கத்தில் பார்த்திருந்தாலும் சுறுசுறுப்பான திட்டமாகவே தெரிந்திருக்கும். எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு அரை வினாடி தாமதமாவதை ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற மென்பொருள் வல்லுநர் கவனித்ததால்தான், டெபியனின் நிலையான வெளியீட்டுக்குள் அது புகுமுன் பிடிபட்டது. இவ்வகைப் பக்கங்கள் நடத்தையைக் காட்டும், நோக்கத்தைக் காட்டா.

உன் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் கடைசிப் பதிவேற்றத் தேதிக்கும், பதிலில்லாமல் கிடக்கும் வழுக்களின் எண்ணிக்கைக்கும் ஒவ்வொரு நெடுவரிசை ஒதுக்கு. மேலாளர் பெயரை மட்டும் கேட்டாலும் பரவாயில்லை. வரைவு முடிந்ததும் எனக்கு அனுப்பு. அதில் என் பழைய முகவரி எங்காவது தென்பட்டால் உடனே சொல்.

அன்புடன்,
சுந்தரம்